நேராக நடந்த நண்டு

அந்தக் காலத்தில் நண்டு நேராக நடந்தது. சிரிக்காதீர்கள். மீனும் காக்கையும் மனிதரோடு சரிக்குச் சரியாக உட்கார்ந்து ஊர்க்கதை பேசிய காலம் அது. அதையெல்லாம் நம்புகிறவர்கள், நண்டு நேராக நடந்ததை மட்டும் நம்ப மாட்டேன் என்றால் எப்படி? நேராக என்றால் ஏதோ நம்மைப் போல் இல்லை. கொத்தனார் நூல் பிடித்துச் சுவர் வைப்பாரே, அப்படி.

அப்போது நண்டின் உருவமும் பெரிது. அரிசி புடைக்கிற சுளகு இருக்கிறதல்லவா, அந்த அகலம். பிறகு ஏன் சிறுத்துப் போனது என்று கேட்காதீர்கள், அது எனக்குத் தெரியாது. கண்கள் நம்முடையது மாதிரி முகத்தோடு பதிந்து, முன்னால் மட்டும் பார்க்கும். கழுத்து கிடையாது. பின்னால் பார்க்க வேண்டுமென்றால் கால்கள் அத்தனையும் சேர்ந்து, வண்டியைத் திருப்புகிற மாதிரி மொத்த உடம்பையும் திருப்ப வேண்டும். அதனால் நடுவழியில் அது திரும்புவதே இல்லை.

அந்த நண்டு இருந்த இடம் ஆனைக்கல் துறை. தேரி என்கிற செம்மணல் காடு மேடும் பள்ளமுமாக வந்து, பனங்காட்டைத் தாண்டிச் சட்டென்று முடியும். அங்கே கடல். வெயில் ஏறிவிட்டால் தேரி மணலில் கால் வைக்க முடியாது, ஆனால் கடற்கரையில் எப்போதும் காற்று இருக்கும். கரையிலிருந்து கடலுக்குள் பாறைகள் வரிசையாகப் போகும். முதலில் தும்பிக்கையைத் தண்ணீரில் விட்டு நிற்கிற மாதிரி ஆனைக்கல். அடுத்து அடைகாக்கிற மாதிரி கோழிக்கல். அதற்கப்பால் மூன்று பாறை முட்டிக்கொண்டு நிற்கும், அது அடுப்புக்கல். கடைசியில், எல்லாவற்றையும் விட உயரமாக, அம்மன் பாறை. அதன் உச்சியில் அலைமேல் அம்மன். கோயில் என்று கட்டடம் ஒன்றும் இல்லை. கல்லுக்கு மேல் ஒரு கல், அதற்கு மஞ்சள் பூச்சு, அவ்வளவுதான். பூசாரியும் கிடையாது. வருகிறவர்களே தண்ணீர் ஊற்றி, பூ வைத்து, கும்பிட்டுக்கொள்ள வேண்டியது.

கடல் வற்றும் நேரத்தில் பாறைகளுக்கு நடுவே ஈரமணல் தெரியும், அப்போது நடந்து போகலாம். நீர் ஏறிவிட்டால் வழி மூடிவிடும். எங்கே மணல் இறுகியிருக்கும், எங்கே புதையும், எந்தக் கல் வழுக்கும் என்பது வெளியூர்க்காரருக்கு எப்படித் தெரியும்? அதனால்தான் நண்டு. நேர்த்திக்கடன் வைத்து வருகிற ஒவ்வொருவரையும் அதுதான் முன்னால் நடந்து கூட்டிக்கொண்டு போகும், திரும்பக் கூட்டிக்கொண்டு வரும். கூலி என்று எதுவும் கேட்காது. அம்மனுக்குப் படைத்த பொரியில் ஒரு கை அள்ளிப் போட்டால் போதும், மகிழ்ந்து போகும்.

அந்தத் துறையில் ஒரு வழக்கம் உண்டு. அம்மனைப் பார்க்கப் போகிறவர்கள் ஆனைக்கல்லில் ஒரு வெற்றிலையை எடுத்து உதட்டுக்கு நடுவில் வைத்துக் கவ்விக்கொள்ள வேண்டும். அதற்கு வாய்க்கட்டு என்று பெயர். அம்மன் எந்நேரமும் கடல் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள், அதற்குக் குறுக்கே யாரும் பேசக்கூடாது என்பது கணக்கு. அவள் காலடியில் அந்த வெற்றிலையை வைத்த பிறகுதான் வாய் திறக்கலாம். நடுவழியில் வாய் திறந்தால் நேர்த்தி கெட்டுப்போகும், வேண்டிக்கொண்டது நடக்காது.

ஆக, பின்னால் வருகிறவர்களுக்குப் பேச்சு இல்லை, முன்னால் போகிற நண்டுக்குத் திரும்பிப் பார்க்கிற பழக்கம் இல்லை. இது எங்கே போய் முடியும் என்று உங்களுக்கு இப்போதே தெரிகிறதல்லவா? நண்டுக்கு மட்டும் தெரியவே இல்லை.

அதற்குப் பெருமை. ஈரமணலில் அது போட்ட தடம் கரையிலிருந்து அம்மன் பாறை வரை ஒரே கோடாகக் கிடக்கும். வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லோரும் அதைப் பார்த்து வாயைப் பிளப்பார்கள். அலையோடு முன்னும் பின்னும் ஓடித் திரியும் உள்ளான் குருவிக்கு மட்டும் அது பிடிக்காது.

"ஏன்வே, ஆளைக் கூட்டிட்டுப் போறீரே, பின்னால வாராங்களா இல்லையான்னு ஒரு தடவையாவது பாத்தா என்னவே?" என்று உள்ளான் கேட்கும்.

"வழி முன்னாலதான இருக்கு. பின்னால என்ன இருக்கு?" என்று நண்டு சொல்லிக்கொண்டே நடக்கும். "நான் திரும்புனா கோடு கோணிரும்வே. சோலியப் பாத்துட்டுப் போரும்."

அந்த நாளில்தான் சடச்சி வந்தாள்.

தேரிக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரி. புருஷன் கொம்பையா, பனை ஏறுகிறவன். அவர்களுக்கு ஒரே ஒரு பெண் பிள்ளை, பெயர் குருவம்மா. குருவி மாதிரி கத்திக்கொண்டு வீடெல்லாம் சுற்றட்டும் என்று ஆசைப்பட்டு வைத்த பெயர். அந்தப் பிள்ளை நடந்தது, ஓடியது, மரத்தில் கூட ஏறியது. பேச்சு மட்டும் இல்லை. காது நன்றாகக் கேட்டது, சொன்னதெல்லாம் புரிந்தது. ஆனால் 'அம்மா' என்று ஒரு வார்த்தை வாயிலிருந்து வரவில்லை. அவள் வயதுப் பிள்ளைகள் எல்லாம் சண்டை போட்டு வைகிற அளவுக்கு வளர்ந்துவிட்டார்கள். இவள் மட்டும் தாயின் சேலையை இழுத்துக் கையைக் காட்டுவாள். ஊமையைப் பெற்றவள் என்று தண்ணீர்த்துறையில் ஒருத்தி சொன்னது சடச்சியின் காதில் விழுந்தது. அன்றைக்கு அவள் குடத்தை நிரப்பாமலே வீட்டுக்கு வந்துவிட்டாள். வந்த கையோடு அலைமேல் அம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். தாயே, உன் பாறைக்கு வாய் கட்டி வருகிறேன், என் பிள்ளையின் வாயைத் திறந்துவிடு என்று.

வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். தேரி மணலில் சக்கரம் புதைந்து, இறங்கித் தள்ளி, மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, கடற்கரைக்கு வந்து சேரும்போது வெயில் ஏறிவிட்டது. அன்றைக்கு வந்த மற்றவர்கள் எல்லோரும் கும்பிட்டுவிட்டுக் கரைக்குத் திரும்பியாயிற்று.

நண்டு கடலைப் பார்த்தது, இவர்களைப் பார்த்தது.

"ரொம்பப் பிந்திட்டீங்களே தாயி. தண்ணி திரும்புற நேரம் ஆயிட்டு. நாளைக்கு வெள்ளனப் போவமா?"

"நாளைக்கு வரைக்கும் மாட்டுக்குத் தீவனம் இல்ல நண்டண்ணே," என்றாள் சடச்சி. "இன்னொரு தடவை இந்தத் தேரியைக் கடந்து வர எங்களால ஆகாது. பிள்ளைக்காக வந்திருக்கேன். கொஞ்சம் மனசு வையுங்க."

நண்டுக்கு இளகிய மனசு. அதில் குறை சொல்ல முடியாது. "சரி, இப்பமே கிளம்புனா நீர் ஏறுறதுக்குள்ள பாறைக்குப் போயிரலாம். அங்க உக்காந்திருந்து, தண்ணி வத்தவும் சாயங்காலமாத் திரும்பி வரலாம். ஆனா வேகமா நடக்கணும். என் அடியை விட்டு இம்மிகூட விலகக் கூடாது."

கொம்பையாவுக்குக் கரையில் வேலை இருந்தது. நேர்ந்தவர்கள் பாறைக்குப் போகும்போது, கூட வந்தவர்கள் கரையில் பொங்கல் வைக்க வேண்டும். அவன் பொங்கல் அடுப்புக்குக் கல்லைக் கூட்டிக்கொண்டே மகளைக் கூப்பிட்டான்.

"ஏட்டி குருவு, இங்க வா. அம்மா பாறைக்குப் போற வரைக்கும் வாயத் திறக்கக் கூடாது. அவ வாயத் திறக்கப் போறான்னு தெரிஞ்சா நீ என்ன செய்வ?"

குருவம்மா தன் சின்னக் கையை எடுத்துத் தாயின் வாயைப் பொத்திக் காட்டினாள்.

"அப்படித்தான். என் ராசாத்தி," என்று கொம்பையா சிரித்தான். சடச்சியும் சிரித்துவிட்டு, ஆனைக்கல்லில் வெற்றிலையைக் கவ்விக்கொண்டு, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள்.

நண்டு முன்னால் போனது. கோழிக்கல் வரை ஒன்றும் இல்லை. அடுப்புக்கல்லைத் தாண்டும்போதுதான், மூன்று பாறைகளுக்கு நடுவில் இருந்த குழித் தண்ணீரில் ஏதோ மஞ்சளாக ஒரு மீன் துள்ளியது. குருவம்மா அதை எட்டிப் பார்த்தாள். இடுப்பில் இருக்கிற பிள்ளை அப்படிச் சாய்ந்தால் தாய் என்ன ஆவாள்? சடச்சி ஒரே ஒரு அடி விலகி வைத்தாள். கால் பாசியில் வழுக்கிக் குழிக்குள் இறங்கி, இரண்டு பாறைகளின் இடுக்கில் போய் மாட்டிக்கொண்டது.

இழுத்தாள், வரவில்லை. திருப்பினாள், வலியில் உயிர் போயிற்று. பிள்ளையைக் கீழே விடவும் முடியாது, சுற்றிலும் அலை. ஒரு கையால் தொடையில் ஓங்கி அடித்துச் சத்தம் எழுப்பினாள். நண்டுக்கு அது அலை பாறையில் மோதுகிற சத்தமாகத்தான் கேட்டது. கைக்கு அகப்பட்ட கிளிஞ்சலை வீசினாள். அது பாதித் தூரம் கூடப் போகவில்லை. நண்டு போய்க்கொண்டே இருந்தது, நேராக, அழகாக.

அந்த அடுப்புக்குழி இருக்கிறதே, கடல் ஏறும்போது முதலில் நிரப்புவது அதைத்தான். தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. பிள்ளையைத் தோளுக்கு ஏற்றினாள். இடுப்புக்கு வந்தது. கரையைப் பார்த்தாள். கொம்பையா காற்றுக்கு முதுகைக் கொடுத்து, அடுப்பு அணையாமல் குனிந்து ஊதிக்கொண்டிருந்தான். அவன் முதுகும் நண்டின் முதுகும்தான் அவளுக்குத் தெரிந்தது.

கூப்பிட்டால் நண்டுக்குக் கேட்கும். ஆனால் கூப்பிட்டால் வெற்றிலை விழுந்துவிடும், பிள்ளைக்குப் பேச்சு வராது. எத்தனை நாள் ஆசை! தேரி முழுக்க வண்டி தள்ளியது, ஊரார் வாயில் விழுந்தது, எல்லாம் இந்த ஒரு இலைக்குத்தானே. அவளுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. தண்ணீர் மார்புக்கு வந்ததும் அவள் தீர்மானம் செய்துவிட்டாள். பேச்சு வராவிட்டால் போகட்டும், என் பிள்ளை ஊமையாகவாவது உயிரோடு இருக்கட்டும்.

வெற்றிலையைத் துப்ப உதட்டைப் பிரித்தாள். அவ்வளவுதான், தோளில் இருந்த குருவம்மா சடக்கென்று குனிந்து, தன் சின்னக் கையால் தாயின் வாயை இறுக்கப் பொத்தினாள். அப்பா சொன்ன வேலையல்லவா! பொத்திக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க, அவளே கத்தினாள்:

"நண்டண்ணே! ஏ நண்டண்ணே! அம்மா மாட்டிக்கிட்டா!"

நண்டு அப்போது அம்மன் பாறையின் அடிவாரத்துக்குப் போயிருந்தது. இந்தக் குரல் எங்கிருந்து வருகிறது என்று அதற்கு விளங்கவில்லை. வாய் கட்டி வந்தவளோடு ஊமைப் பிள்ளைதானே வந்தது? கால்களையெல்லாம் சேர்த்து மெதுவாக உடம்பைத் திருப்பியது. வாழ்நாளில் முதல் முறையாகக் கூட்டி வந்த ஆளைத் தேடித் தன் கோட்டைத் திரும்பிப் பார்த்தது. கோடு நேராகத்தான் கிடந்தது. ஆனால் அடுப்புக்கல்லுக்கு இந்தப் பக்கம் அதன் அருகே ஒரு மனுஷக் காலடி இல்லை.

நண்டு வந்த வழியே பாய்ந்தது.

ஓடியது. அலை இப்போது பக்கத்திலிருந்து அடித்தது. நேராக ஓடினால் புரட்டிப் போட்டுவிடும் என்று, அலைக்கு முகத்தைக் கொடுத்துப் பக்கவாட்டாக ஓடியது. ஒரு கண் அலையில், ஒரு கண் தண்ணீருக்கு மேல் தெரிந்த அந்தச் சின்னத் தலையில். பதிந்து கிடந்த கண் எட்டவில்லை. எட்டிப் பார், எட்டிப் பார் என்று அதை நெட்டித் தள்ளிக்கொண்டே ஓடியது.

அடுப்புக்குழிக்குள் முங்கி, சடச்சியின் காலுக்குக் கீழே இருந்த மணலை வாரி வாரி வெளியே எறிந்தது. வாரினால் அலை திரும்பக் கொண்டுவந்து நிரப்பியது. அது நிரப்ப, இது வார, கடைசியில் காலுக்குக் கீழே ஒரு பொந்து உண்டாகி, பாதம் கீழே இறங்கி வெளியே வந்தது.

கரைக்குத் திரும்ப வழி இல்லை, மூடிவிட்டது. அம்மன் பாறைக்குத்தான் போக வேண்டும். நண்டு இந்தத் தடவை முன்னால் போகவில்லை. பக்கவாட்டாகவே நடந்தது. ஒரு கண்ணை அடுத்த கல்லில் வைத்துக்கொண்டு, மற்றக் கண்ணைச் சடச்சியின் மேல் வைத்துக்கொண்டு, அவள் நின்றால் தானும் நின்று, அவள் நொண்டினால் தானும் மெதுவாகி, எப்படியோ கொண்டுபோய்ச் சேர்த்தது.

சடச்சி தவழ்ந்து ஏறினாள். நசுங்கிப் போன வெற்றிலையை எடுத்து அம்மன் காலடியில் வைத்தாள். குருவம்மா ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாள். மீனைப் பற்றி, மாட்டைப் பற்றி, நனைந்துபோன தன் பாவாடையைப் பற்றி. இத்தனை நாள் சேர்த்து வைத்ததெல்லாம் கொட்டியது.

சடச்சி அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு நண்டைப் பார்த்தாள். சாபம் கொடுத்தாள் என்று சிலர் சொல்வார்கள், நம்பாதீர்கள். அவள் கோபமாகக் கூடப் பேசவில்லை. நேர்த்தி முடிந்து திறந்த வாயால் அவள் நண்டிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"ஒரு தடவை திரும்பிப் பாத்திருக்கக் கூடாதா நண்டண்ணே?"

நண்டு பதில் சொல்ல வாயெடுத்தது. அடியை விட்டு விலகாதே என்று நான் சொன்னேனே, விலகியது நீதானே என்று சொல்லலாம். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் சடச்சியின் கால் தோல் உரிந்து, வீங்கி, அதன் கண்ணுக்கு முன்னாலேயே கிடந்தது. காலையில் மற்றவர்கள் படைத்த பொரியில் அவள் அள்ளிப் போட்டது, நண்டு தொடாமல் அப்படியே காற்றில் பறந்தது.

சாயங்காலம் தண்ணீர் வற்றியதும் கரைக்குத் திரும்பினார்கள். கொம்பையா ஈர வேட்டியோடு ஆனைக்கல்லில் நின்றுகொண்டிருந்தான். திரும்பிப் பார்த்தபோது பாதை மூடியிருந்ததாம். நீந்திப் பார்த்து, அலை தூக்கி எறிய, திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்து, கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிப்போய் நின்றான். இவர்கள் கோழிக்கல்லைத் தாண்டும்போதே ஒரு குரல் கேட்டது.

"எப்பா! பொங்கல் கருகிட்டு! நாத்தம் இங்க வரைக்கும் அடிக்கு!"

கொம்பையா இங்கும் அங்கும் பார்த்தான். யார் பேசினது என்று அவனுக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் நின்ற இடத்திலேயே மணலில் உட்கார்ந்து தலையில் கையை வைத்துக்கொண்டு, ஓவென்று அழுதான். கருகின பொங்கலைத்தான் அன்றைக்கு எல்லோரும் சாப்பிட்டார்கள். அதைவிட ருசியான பொங்கலை அவன் அதற்கு முன்னாலும் சாப்பிட்டதில்லை, பின்னாலும் சாப்பிட்டதில்லை.

மறுநாள் காலையில் வேறு ஊர்க்காரர்கள் வந்தார்கள். நண்டு வளையிலிருந்து வெளியே வந்தது. நேராக நடக்கவில்லை. பக்கவாட்டாகக் கொஞ்ச தூரம் ஓடி, நின்று, கண்ணை எக்கிப் பின்னால் பார்த்து, ஆள் வருவதைத் தெரிந்துகொண்டு மறுபடியும் ஓடியது. ஈரமணலில் கோடு கோணல் மாணலாகக் கிடந்தது. உள்ளான் விழுந்து விழுந்து சிரித்தது.

"என்னவே இது, கள்ளு குடிச்சவன் மாதிரி! உம்ம நேர்கோடு எங்கவே போச்சு?"

நண்டு நிற்கவில்லை.

"பின்னால என்ன இருக்குன்னு கேட்டேருல்லா," என்று உள்ளான் விடாமல் சீண்டியது. "இப்ப என்னவே இருக்கு பின்னால?"

"ஆள் இருக்குவே," என்றது நண்டு.

எக்கி எக்கிப் பார்த்ததில் நண்டின் கண்கள் இரண்டும் நாளடைவில் காம்பு முளைத்த மாதிரி மேலே எழும்பி நின்றுவிட்டன. நீர் இறங்கும் நேரமெல்லாம், யார் காலாவது மாட்டியிருக்குமோ என்று மணலை வாரி வாரி எறிந்து பார்க்கிற பழக்கமும் விடவில்லை.

நீங்கள் எந்தக் கடற்கரைக்காவது போனால் பாருங்கள். உங்களைக் கண்டதும் நண்டு பக்கவாட்டாகக் கொஞ்சம் ஓடும், நிற்கும், கண்ணைத் தூக்கிப் பார்க்கும், மறுபடி ஓடும். நம்மைக் கண்டு பயந்து ஓடுகிறது என்று நாம் சிரித்துவிட்டு வேறு பக்கம் போய்விடுகிறோம். பயமெல்லாம் ஒன்றும் இல்லை. அன்று முதல்தான் அது ஒவ்வொரு அடிக்கும் நின்று, நாம் பின்னால் வருகிறோமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறது.